அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் குடியேறிய ஒரு விவசாயக் குடும்பத்தின் வாழ்க்கை நிஜத்தில் எப்படி இருந்தது?

எனக்கு ஓரளவு நன்றாகத் தெரிந்தது சார்லஸ் இங்கல்ஸ் குடும்பம். அதை வைத்தே சொல்கிறேன். இரண்டாவது மகள் லாரா பிற்காலத்தில் எழுதிய சிறுவர் நாவல்களால் உலகத்துக்கே தெரிந்த குடும்பம்தான். ஆனால் நாவலில் வரும் அப்பா யாரிடமும் கை நீட்டாத விவசாயி. நிஜத்தில் அவர் நிலத்தை நம்பிப் பிழைத்த வருஷங்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் கூலிதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது.

1860இல் விஸ்கான்சினில் கரோலினைக் கல்யாணம் செய்துகொண்டார். 1869இல் கான்சாஸ் போனார்கள். அவர்கள் வீடு கட்டிய நிலம் ஓசேஜ் பழங்குடியினருடையது. அரசாங்கம் எப்படியும் அந்தப் பழங்குடியினரைக் கிளப்பிவிடும் என்ற நம்பிக்கையில் போய் உட்கார்ந்த பலரில் இவரும் ஒருவர். பச்சையாகச் சொன்னால் ஆக்கிரமிப்பு. 1871இல் விஸ்கான்சினுக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

1874இல் மினசோட்டாவின் வால்நட் குரோவ். பிளம் கிரீக் ஓடைக்கரையைக் குடைந்து, புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் முன்சுவரும் கூரையும் வைத்த ஒரு குழிவீடு. அந்த இடம் இன்று ஒரு தனியார் பண்ணைக்குள் இருக்கிறது, பார்க்க அனுமதிக்கிறார்கள். கூரை எப்போதோ சரிந்துவிட்டது. கரையில் ஒரு பள்ளமும் பக்கத்தில் ஒரு பலகையும்தான் மிச்சம். இதற்குள்ளா ஒரு குடும்பம் இருந்தது என்று தோன்றும்.

அடுத்த வருஷம் கோதுமை விளைந்து நிற்கும்போது ராக்கி மலை வெட்டுக்கிளிகள் இறங்கின. பயிர் தீர்ந்ததும் துணியையும், வியர்வை ஊறிய மண்வெட்டிக் காம்பையும்கூட அவை விட்டுவைக்கவில்லை. போகும்போது மண்ணுக்குள் முட்டையிட்டுப் போனதால் மறுவருஷ வெள்ளாமையும் அப்போதே போயிற்று. (இத்தனை கோடிக்கணக்கில் வந்த அந்த இனம் 1902க்குப் பிறகு உயிரோடு யார் கண்ணிலும் படவில்லை.) சார்லஸ் அறுவடைக் கூலி தேடிக் கிழக்கே நடந்தே போனார். நிவாரண மாவு வேண்டுமென்றால் "எனக்கு வேறு வழியே இல்லை" என்று அதிகாரி முன் எழுதிக் கொடுக்க வேண்டும். அவரும் கையெழுத்துப் போட்டார். கிடைத்தது ஐந்து டாலர் சொச்சத்துக்கான மாவு. நாவலில் இந்தக் கையெழுத்து கிடையாது.

ஒரே பையன் ஃப்ரெடி, ஒன்பது மாதக் குழந்தை, 1876 ஆகஸ்டில் இறந்தான். பிறகு ஐயோவாவின் பர் ஓக் ஊரில் ஒரு ஹோட்டலில் வேலை. பத்து வயதுகூட நிரம்பாத லாரா அங்கே பாத்திரம் கழுவினாள். வாடகை பாக்கியோடு அந்த ஊரை விட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள். இதுவும் நாவலில் இல்லை. 1879இல் மூத்தவள் மேரிக்கு 14 வயதில் கடும் காய்ச்சல் வந்து பார்வை போனது.

அதே வருஷம் டகோட்டாவில் ரயில்பாதை போடும் கம்பெனியில் வேலை கிடைத்தது. அதை வைத்துத்தான் 1880இல் டி ஸ்மெட் ஊருக்கு வெளியே 160 ஏக்கருக்கு மனுப் போட்டார். 1862ஆம் வருஷ ஹோம்ஸ்டெட் சட்டப்படி அரசு நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம், கட்டணம் சொற்பம். ஆனால் கலப்பை, மாடு, விதை, மரம் எல்லாம் காசு. இலவசம் என்ற பேச்சு அந்த இடத்தில் முடிந்துவிடும். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பனிப்புயல். வருஷம் பிறந்ததும் ரயில் நின்றுபோய், மே மாதம்தான் திரும்ப வந்தது. நிலக்கரி தீர்ந்ததால் வைக்கோலை முறுக்கி விறகாக்கினார்கள். விதைக் கோதுமையைக் காபிக்கொட்டை அரைக்கும் கை மெஷினில் போட்டு மாற்றி மாற்றிச் சுற்றினார்கள். அது அரைத்துத் தரும் மாவு ஒரு வேளை ரொட்டிக்குத்தான் காணும், உடனே அடுத்த வேளைக்குச் சுற்ற வேண்டும்.

பெண்களின் பங்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். லாரா 16 வயதில் பள்ளி ஆசிரியை, அது போக ஊரில் தையல் கூலி. மேரி ஐயோவாவின் பார்வையற்றோர் கல்லூரியில் படித்தாள், கல்விச் செலவை டகோட்டா அரசு ஏற்றது.

1886இல் பட்டா கையில் வந்தது. அடுத்த வருஷமே சார்லஸ் டவுனில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார். அதன்பின் தச்சு வேலை, இன்சூரன்ஸ் என்று ஓடியது. தச்சு தெரியாத ஆளாக இருந்திருந்தால் அந்தக் குடும்பம் என்றோ சிதறியிருக்கும் என்பது என் எண்ணம். 1902இல் அவர் இறந்த பிறகு கரோலின் வீட்டில் ஆட்களை வாடகைக்குத் தங்கவைத்தார். மேரி குதிரைகளுக்கு ஈ வலை பின்னி விற்றாள். நான்கு மகள்களில் லாராவுக்கு மட்டும்தான் பிள்ளை தங்கியது, ஒரே ஒரு மகள், அவளுக்கும் வாரிசு இல்லை. ஆக இங்கல்ஸ் தம்பதிக்கு இன்று நேர்வாரிசு யாரும் கிடையாது.