பிளவர்ஹார்னுக்குத் துணை தேவையா? சிக்லிட் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: 3 அடி மீன் தொட்டியில் ஓர் ஆஸ்கர், இரண்டு பேரட், ஒரு பிளவர்ஹார்ன் வளர்க்கிறேன். எல்லாமே இரண்டரை அங்குலக் குட்டிகளாக வாங்கியவை. சேர்ந்தே வளர்ந்தால் பழகிவிடும் என்றார் கடைக்காரர். இப்போது பிளவர்ஹார்ன் மற்ற மூன்றையும் மூலையில் ஒதுக்கிக் கடிக்கிறது. பெரிய தொட்டி வாங்கினால் சரியாகிவிடுமா?

பிளவர்ஹார்ன் விஷயத்தில் சரியாகாது. குட்டிப் பருவத்தில் சண்டை இல்லாமல் இருந்ததற்குப் பழக்கம் காரணமல்ல, பருவம் வராததே காரணம். இவை எல்லாமே சிக்லிட் என்ற குடும்பத்து மீன்கள். பருவம் வந்த சிக்லிட் தரையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கே வரும் எதையும் விரட்டும். பிளவர்ஹார்ன் 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட மீன். அமெரிக்க சிக்லிட்களின் மூர்க்கம் அதில் அப்படியே இருக்கிறது. வளர்ந்த ஆணுக்கு 3 அடித் தொட்டி முழுவதுமே தன் இடம்தான். பேரட்டின் நிலைமை இன்னும் பரிதாபம். கலப்பினக் கோளாறால் அதன் வாய் சரியாக மூடாது. அதனால் திருப்பிக் கடிக்க முடியாது.

இன்றே பிரித்துவிடுங்கள். தற்காலிகமாக, ஓட்டை போட்ட 6 மி.மீ. அக்ரிலிக் தகட்டைத் தொட்டிக்குக் குறுக்கே இறுக்கமாகச் செருகலாம். அடியிலும் பக்கத்திலும் ஒரு விரல் இடைவெளிகூட இருக்கக் கூடாது, மேல் விளிம்பு தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும். நிரந்தரத் தீர்வு, தொட்டியைப் பிளவர்ஹார்னுக்கே விட்டுவிடுவது. 3×1.5×1.5 அடி என்றால் அது தனியாக இருக்கப் போதும், 4 அடி என்றால் இன்னும் நல்லது. துணை இல்லையே என்று வருந்த வேண்டாம், அந்த மீனுக்குத் துணை தேவையில்லை.

ஆஸ்கர் 12 அங்குலம், பேரட் 8 அங்குலம் வரை வளரும். இந்த மூன்றையும் சேர்த்து வைக்க 6×2×2 அடி தொட்டிதான் என் பரிந்துரை. அதற்கு இடமோ பணமோ இல்லையென்றால் ஒன்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் குளத்தில் மட்டும் விடாதீர்கள். நம் நீர்நிலைகளை ஜிலேபி கெண்டை என்ன செய்திருக்கிறது என்று பார்க்கிறோம், அதுவும் சிக்லிட் குடும்பம்தான்.

கேள்வி: புதிய தொட்டி செய்யச் சொல்லப் போகிறேன். 4×1.5 அடி, உயரம் 2 அடி என்று கடையில் சொல்கிறார்கள். சரியா?

4×2 அடி, உயரம் 1.5 என்று கேளுங்கள். இரண்டிலும் கொள்ளளவு 12 கன அடி, அதாவது சுமார் 340 லிட்டர். ஆனால் தரைப்பரப்பு 6 சதுர அடியிலிருந்து 8 ஆகிறது. சிக்லிட் சண்டை போடுவது தரைக்காகத்தான், உயரத்துக்காக அல்ல. இரண்டு அடி அகலத்தில் 12 அங்குல மீன் தாராளமாகத் திரும்பும். உயரம் குறைந்தால் கண்ணாடி மீதான அழுத்தமும் குறையும். ஒன்றரை அடி உயரத்துக்கு 10 மி.மீ. கண்ணாடி, மேல்விளிம்பைத் தாங்க உள்பக்கம் ஒட்டும் கண்ணாடிப் பட்டை, இவை இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். தண்ணீரும் கண்ணாடியும் மட்டுமே 400 கிலோவுக்கு அருகில் வரும், கல் தனி. ஸ்டாண்டுக்கும் தொட்டிக்கும் நடுவே தெர்மோகோல் தகடு கட்டாயம்.

கேள்வி: அந்தத் தொட்டியில் ஆப்பிரிக்க சிக்லிட் வளர்க்க ஆசை. எத்தனை விடலாம்? எந்தெந்த இனம்?

மலாவி ஏரியின் பாறை மீன்களான 'ம்புனா' வகையைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே கணக்கு தலைகீழ். அமெரிக்க சிக்லிட்டுக்கு மீனைக் குறைக்க வேண்டும், ம்புனாவுக்கோ நெருக்க வேண்டும். ஐந்தாறு மீன் மட்டும் இருந்தால், பலசாலி ஒன்று பலவீனமான ஒன்றையே குறிவைத்துக் கொன்றுவிடும். பதினைந்து இருந்தால் துரத்தல் எல்லோருக்கும் பங்காகிவிடும், எந்த ஒன்றும் சாகும் அளவுக்கு அடி வாங்காது.

யெல்லோ லேப், ரஸ்டி, அசெய் ஆகிய மூன்றும் ம்புனாவில் ஓரளவு சாதுவானவை, நிறத்திலும் உருவத்திலும் ஒன்றையொன்று ஒத்திருக்காதவை. ஒரே நிற மீன்களை ம்புனா போட்டியாகவே பார்க்கும். ஓர் ஆணுக்கு நான்கு பெண் என்பதுதான் இலக்கு. குட்டியில் ஆண் பெண் தெரியாது என்பதால் இனத்துக்கு எட்டு வாங்கி, வளர்ந்தபின் கூடுதல் ஆண்களை எடுத்துவிட வேண்டும். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்பதை வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

கடையில் ஏமாற வைப்பவை இரண்டு. மஞ்சளில் கறுப்புப் பட்டையோடு அழகாக இருக்கும் குட்டி ஆரட்டஸ். ஆண் வளர்ந்ததும் கறுத்து, தொட்டியையே கலங்கடிக்கும். அடுத்தது கென்யி. நீலப் பட்டைக் குட்டிகளில் ஆணாக இருப்பவை பின்னால் மஞ்சளாக மாறும்போதுதான் சுயரூபம் தெரியும். இவை இரண்டையும் முதல் தொட்டிக்கு வாங்கவே வேண்டாம். மலாவியின் இன்னொரு சிக்லிட் வகையான பீகாக் மீனையும் ம்புனாவோடு சேர்க்காதீர்கள், பயந்து ஒடுங்கி நிறம் மங்கிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில், விளக்கை அணைத்துவிட்டு இறக்குங்கள். ஒவ்வொன்றாக விட்டால் முதலில் வந்தது வீட்டுக்காரன், பின்னால் வந்தது திருடன். ஆனால் 24 மீனை ஒரே நாளில் விட வேண்டுமானால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் முன்கூட்டியே வளர்ந்திருக்க வேண்டும். மீன் இல்லாமல் அம்மோனியா சேர்த்து 4 முதல் 6 வாரம் தொட்டியை ஓட்டுங்கள். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, அம்மோனியாவும் அது சிதையும்போது வரும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். ம்புனாவுக்குத் தண்ணீரின் பி.எச். (அமில-காரத்தன்மை அளவு) 7.8 முதல் 8.6 வரை வேண்டும். அந்த அளவில் அம்மோனியாவின் விஷம் கூடுதல் என்பதால் அவசரப்படக் கூடாது. நம் ஊர்ப் பல இடங்களின் உப்பான போர் தண்ணீர் இந்த மீனுக்குப் பொருத்தம், ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம்.

கற்களை முதலில் தொட்டியின் அடியில் வைத்து, பிறகு மணல் போடுங்கள். மணல்மேல் கல் வைத்தால் மீன் தோண்டித் தோண்டிக் கல்லைச் சரித்துக் கண்ணாடியை உடைத்துவிடும். ஒரே பெரிய குகை வேண்டாம். ஒரு மீன் நுழையும் அளவுக்கு, மீன் எண்ணிக்கையைவிட அதிகமான பொந்துகள் இருக்க வேண்டும்.

உணவு, ஸ்பைருலினா என்ற பாசி கலந்த பெல்லட். மாட்டு இதயம், இறைச்சி கொடுத்தால் ம்புனாவுக்கு வயிறு வீங்கி, சாணம் வெள்ளை நூலாக வரும். பல நேரம் அதற்குப் பிறகு காப்பாற்ற முடிவதில்லை.

கேள்வி: ஃபில்டர் பெட்டியில் மணிக்கு 2000 லிட்டர் என்று போட்டிருக்கிறது. 340 லிட்டர் தொட்டிக்கு அது போதும்தானே?

அந்த அளவு, உள்ளே ஸ்பாஞ்சும் மீடியாவும் (பாக்டீரியா ஒட்டி வளரும் பொருள்) இல்லாமல், தண்ணீரை மேலே தூக்காமல் எடுத்தது. ஓட ஆரம்பித்து அழுக்கு சேர்ந்தால் பாதிக்கு அருகில் வந்துவிடலாம். நெருக்கி வைத்த தொட்டியில் மணிக்கு 6 சுற்றாவது உண்மையில் நடக்க வேண்டும், அதாவது 2000 லிட்டருக்குமேல். ஒரே பெரிய ஃபில்டரைவிட 2000 திறனுள்ள இரண்டு நல்லது. ஒன்று நின்றாலும் மற்றது ஓடும், மாறி மாறிக் கழுவலாம். குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். கரண்ட் போகும் ஊராக இருந்தால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வாங்கிவிடுங்கள். வாரம் 40 சதவீதம் தண்ணீர் மாற்றுவதை எந்த ஃபில்டரும் தவிர்க்காது.

கேள்வி: இரண்டு அங்குலப் பீகாக், அத்தனையும் பளபளவென்று நிறத்தோடு இருந்தன. வாங்கி இரண்டு மாதத்தில் வெளுத்துவிட்டன. ஏன்?

ஹார்மோன் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம். இயல்பாக ஆண் பீகாக் மூன்று அங்குலத்தை ஒட்டித்தான் நிறம் பிடிக்கும், பெண் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். ஒரு தொட்டி முழுக்கக் குட்டிகள் ஒன்றுபோல ஜொலித்தால் விலகி வாருங்கள். சில சிவப்புக் கலப்பினங்கள் மட்டும் சீக்கிரமே நிறம் காட்டும். 'அசார்ட்டட்' (பல வகைக் கலவை) என்று எழுதிய தொட்டியில் எது எதனோடு கலந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: துரத்தல் எப்போது ஆபத்து?

துடுப்பை விரித்துக் காட்டுவது, வாயோடு வாய் கவ்விக்கொள்வது, சிறிது நேரத் துரத்தல் ஆகியவை இயல்பு. ஒரு மீன் மேல்மூலையிலோ ஹீட்டர் பின்னாலோ ஒட்டிக்கொண்டு சாப்பிட வராமல் இருந்தால், துடுப்பு கிழிந்திருந்தால், அன்றே தலையிடுங்கள். அடிபட்டதைச் சிகிச்சைக்குத் தனியே வையுங்கள். அதோடு, அடித்ததையும் வேறு தொட்டியில் ஒரு வாரம் வையுங்கள். அதற்குள் கற்களைக் கலைத்து அடுக்கிவிட்டால், திரும்பி வரும்போது அதற்குப் பழைய இடம் இருக்காது.

கேள்வி: தொட்டி இரண்டே மாதத்தில் ஒழுகுகிறது. "வித்த பொருளுக்குப் பொறுப்பில்லை" என்கிறார் கடைக்காரர்.

பில்லில் அப்படி அச்சடித்திருந்தாலும் குறைபாடான பொருளுக்கான பொறுப்பு போகாது. ஒழுகும் இடத்தைத் தேதியோடு படமெடுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள். பலனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில் இல்லாமல் வாங்கியிருந்தால் பணம் அனுப்பிய யு.பி.ஐ. பதிவையும் கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.