வாசகர் கேள்வி – பதில்: மிக்-21 மாதிரி விமானமும் கூடுதல் பாகங்களும்

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நடந்த விழாவோடு, 1963 முதல் இந்திய விமானப் படையில் பறந்துவந்த மிக்-21 போர் விமானம் விடைபெற்றது. அதன்பின் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த விமானத்தின் மாதிரியைச் செய்வது பற்றியவை என்பதால், இம்முறை அவற்றுக்கு மட்டுமே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: 1/48 அளவில் (உண்மையில் 48இல் ஒரு பங்கு) மிக்-21இன் பிஸ் ரகக் கிட் (ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டி) ஒன்று வாங்கியிருக்கிறேன். ரெசினில் (அச்சில் ஊற்றி வார்க்கும் செயற்கைப் பிசின்) செய்த விமானி அறை, இருக்கை, சக்கரங்கள், வெளியேற்றுக் குழாய், பித்தளைப் பிட்டோ குழாய் (வேகம் அளக்க மூக்கில் நீட்டி நிற்கும் குழாய்), எட்ச் தகடுகள் (அமிலத்தால் அரித்துச் செய்யும் மெல்லிய உலோகப் பாகங்கள்) எனத் தனியாக விற்கப்படும் பாகங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் கிட்டின் விலையைத் தாண்டிவிடுகிறது. இவற்றில் எவற்றை வாங்கலாம்? (வாசகர், மதுரை)

பதில்: முதலில் உங்கள் கிட் எந்த நிறுவனத்துடையது, எந்தப் பதிப்பு என்று பாருங்கள். செக் நாட்டின் எட்வர்ட் நிறுவனம் 2011இல் மிக்-21 எம்எஃப் ரகத்தை 1/48 அளவில் வெளியிட்டு, அதைத் தொடர்ந்து பிஸ் உள்ளிட்ட பிற ரகங்களையும் கொண்டுவந்தது. அதன் புரோஃபிபேக் பதிப்பில் வண்ணம் அச்சிட்ட எட்ச் தகடுகளும், விமானி அறையின் கண்ணாடிக் கூரைக்கு வண்ணம் பூசும்போது ஒட்டும் மறைப்புத் தாள்களும் பெட்டியிலேயே இருக்கும். வீக்எண்ட் பதிப்பில் அவை இருப்பதில்லை. பெட்டிக்குள் இருப்பதையே மறுபடியும் விலை கொடுத்து வாங்கியவர்களை நான் அறிவேன்.

அடுத்து, முடிந்த மாதிரியைப் பார்ப்பவரின் கண் எங்கே போகும் என்று யோசியுங்கள். மிக்-21இன் இறக்கை அகலம் 7.154 மீட்டர், 1/48இல் அது 149 மில்லிமீட்டர்தான். இவ்வளவு சிறிய இந்தப் பொருளில் கூரை திறந்திருந்தால் முதலில் தெரிவது விமானி இருக்கை. பிளாஸ்டிக் இருக்கையில் விமானியைக் கட்டும் பட்டைகள் தடித்த கோடுகளாகவே வார்க்கப்பட்டிருக்கும். ரெசின் இருக்கையில் அவை மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று கிடப்பது போலவே இருக்கும். ஆகவே ஒரே ஒரு பாகம் வாங்கப் பணம் இருந்தால் இருக்கையை வாங்குங்கள். இரண்டாவது, மூக்கின் முனையில் நீண்டு நிற்கும் பிட்டோ குழாய். பிளாஸ்டிக்கில் அது தடிமனாக இருக்கும், நடுவில் வார்ப்புக் கோடு ஓடும், எப்படியும் ஒருநாள் கை பட்டு உடையும். போலந்தின் மாஸ்டர் நிறுவனம் கடைசல் இயந்திரத்தில் கடைந்து தரும் உலோகக் குழாய் நேராகவும், ஊசிபோல் மெலிந்தும் இருப்பதால், மாதிரியின் பக்கவாட்டுத் தோற்றமே மாறிவிடுகிறது.

மூன்றாவது வெளியேற்றுக் குழாய். இதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. பிளாஸ்டிக் பாகத்தின் விளிம்பு 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால், உண்மை விமானத்தில் அது 48 மில்லிமீட்டர் தடித்த இரும்புச் சுவராக இருந்திருக்க வேண்டும். உண்மையிலோ அங்கே இருப்பது மெல்லிய உலோகத் தகடு. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு அந்த விளிம்பே முதலில் தெரியும். ரெசினில் அதைக் கத்தி முனைபோல் மெலிதாக வார்க்க முடிகிறது. சக்கரங்கள் நான்காவது, எடை தாங்கித் தட்டையான அடிப்பகுதி, நடுவில் ஒட்டுக்கோடு இல்லாத வட்டம் ஆகிய இரண்டுக்காக வாங்கலாம். சக்கரத்தின் நடுவட்டுக்குச் சோவியத் விமானங்களுக்கே உரிய பளிச்சிடும் பச்சை பூச மறக்காதீர்கள்.

சக்கரக் குழிகளுக்கான எட்ச் தகடுகள், திறந்துகாட்டும் மின்னணுப் பெட்டிகள், தனித் தடுப்பிறகுகள் (வேகத்தைக் குறைக்க விரியும் தகடுகள்) போன்றவற்றை முதல் மாதிரியிலேயே வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. மாதிரியைத் தலைகீழாகப் பிடித்தால் மட்டும் தெரியும் இடத்தில் ஒரு வாரத்தைச் செலவழித்து, அதற்குள் சோர்ந்து, உடற்பகுதியின் ஒட்டுக்கோட்டைச் சரியாகத் தேய்க்காமல் விட்டுவிட்டால், பார்ப்பவர் கண்ணில் படுவது அந்தக் கோடு மட்டுமே.

கேள்வி: எம்எஃப் ரகத்துக்கான ரெசின் தொகுதி ஒன்று நண்பரிடமிருந்து கிடைத்தது. அதைப் பிஸ் கிட்டில் பயன்படுத்தலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பகுதி பகுதியாகத்தான் சொல்ல முடியும். இரண்டிலும் கேஎம்-1 குடும்பத்து இருக்கையே இருப்பதால் அதைத் தயங்காமல் எடுக்கலாம். பிட்டோ குழாய் இரண்டிலும் மூக்கின் மேற்புறம் விமானியின் வலப்பக்கமாக நகர்ந்து நிற்கும், அதுவும் பொருந்தும். ஆனால் எம்எஃப்பில் ஆர்-13, பிஸ்ஸில் ஆர்-25 என எஞ்சின் வேறு என்பதால் வெளியேற்றுக் குழாயை மாற்ற வேண்டாம். விமானி அறையின் கருவிப் பலகை அமைப்பும் வேறு. முதுகின் மேட்டுப் பகுதியும் பிஸ்ஸில் கூடுதலாகப் பருத்திருக்கும் என்பதால், அங்கே ஒட்டும் பாகம் எதையும் முதலில் வைத்துப் பார்க்காமல் ஒட்டக் கூடாது.

இந்தியாவில் டைப் 77 என்று அழைக்கப்பட்ட எஃப்எல் ரகத்தைச் செய்ய நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் பிட்டோ குழாய் மூக்கின் உச்சியில் சரியாக நடுக்கோட்டில் நிற்கும். டைப் 96 எனப்பட்ட எம் ரகத்திலும், டைப் 75 எனப்பட்ட பிஸ்ஸிலும்தான் அது வலப்பக்கம் நகர்கிறது. எந்த எண் கொண்ட விமானத்தைச் செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அந்த விமானத்தின் நிழற்படத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு பாகங்களை வாங்குவதே முறை. பாகங்களை வாங்கிவிட்டு விமானத்தைத் தேடுவது பெரும்பாலும் தவறிலேயே முடிகிறது. டெல்லியின் பாலம் பகுதியில் உள்ள விமானப் படை அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானங்களை நேரில் பார்ப்பது நல்லது. எனினும் காட்சிக்காக மறுபடியும் பூசப்பட்ட வண்ணத்தை அப்படியே நம்பாமல், பணியில் இருந்த காலத்துப் படங்களோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரெசின் விமானி அறையை உள்ளே வைத்தால் உடலின் இரு பாதிகளும் மூட மறுக்கின்றன. எங்கே தவறு? (வாசகர், திருச்சி)

பதில்: பெரும்பாலும் உங்கள் தவறு அல்ல. ரெசின் அறையின் பக்கச் சுவர்கள் கிட்டின் சுவர்களுக்கு உள்ளே போய் அமர்வதால், இரண்டின் தடிமனும் சேர்ந்து இடத்தை அடைத்துவிடுகிறது. கிட்டின் உள்பக்கச் சுவரைத் தேய்த்து மெலிதாக்க வேண்டும். அதற்கு முன் ரெசின் பாகத்தின் அடியில் மீதமுள்ள வார்ப்புக் கட்டியை முற்றிலும் அறுத்து நீக்கிவிட்டீர்களா என்று பாருங்கள்; அரை மில்லிமீட்டர் மீதி இருந்தாலும் அறை உயர்ந்து நின்று, கூரை மூடாது.

சுவரைத் தேய்க்கும்போது அவ்வப்போது உடற்பாதியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெலிந்த இடத்தில் ஒளி ஊடுருவித் தெரியும். அதுவே நிறுத்த வேண்டிய இடம். என் முதல் ரெசின் அறைக்காக இதைச் செய்தபோது விளக்கைப் பயன்படுத்தாமல் விரல் நுனியால் மட்டும் தடவிப் பார்த்துத் தேய்த்தேன். இடப்பக்கச் சுவரில் ஓட்டை விழுந்து, அதைப் புட்டி வைத்து நிரப்பி, உலோகத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் பேனல் கோடுகளை மறுபடியும் கீற மூன்று மாலைகள் ஆயின. ஒட்டுவதற்கு முன் பத்து முறையாவது பசை இன்றி நாடாவால் சேர்த்துப் பாருங்கள். ரெசினைப் பிளாஸ்டிக் பசை ஒட்டாது என்பதால் சூப்பர் க்ளூ அல்லது எபாக்சி தேவை. சூப்பர் க்ளூ உடனே பிடித்துக்கொள்ளும். சரிசெய்ய நேரம் வேண்டிய இடத்தில் எபாக்சியே பாதுகாப்பு.

அறையின் உட்புறத்துக்குச் சோவியத் விமானங்களின் நீலப்பச்சையைப் பூசுங்கள். அதன் அழுத்தம் படத்துக்குப் படம் வேறுபடுகிறது. உள்ளே நிழல் விழுவதால் டப்பாவில் தெரிவதைவிடச் சற்று வெளிறிய சாயலே சரியாக அமைகிறது.

கேள்வி: முடித்து மேசையில் வைத்தால் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடுகிறது. (வாசகர், சேலம்)

பதில்: பின்பக்கம் ரெசின் வெளியேற்றுக் குழாய் வைத்திருப்பீர்கள். ரெசின் குழாய் கனமானது. அது பிரதான சக்கரங்களுக்கு வெகு பின்னால் இருப்பதால் சிறிய எடையும் பெரிய விளைவைத் தரும். கிட்டின் குறிப்பேடு சொல்லும் எடை பிளாஸ்டிக் குழாயை மனத்தில் கொண்டு கணக்கிடப்பட்டது. மிக்-21இன் மூக்கில் ரேடார் கூம்பு இருப்பது நமக்கு வசதி: தூண்டில் ஈயக் குண்டுகளைக் கூம்புக்குள் எபாக்சியால் நிரப்பலாம், போதாவிட்டால் விமானி அறையின் அடியிலும் வைக்கலாம். உடலை மூடும் முன்னரே எல்லாப் பாகங்களையும் நாடாவால் கட்டி, பிரதான சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலின் மேல் வைத்து, மூக்கு தெளிவாகச் சாயும்வரை எடை சேர்த்துக்கொண்டே போங்கள். நீங்கள் ஏற்கெனவே ஒட்டிவிட்டதால், கூம்பைக் கவனமாகக் கழற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் முன்சக்கரத்தை ஒரு பலகையில் ஒட்டிவிடுவதே மாதிரிக்குச் சேதம் இல்லாத வழி.

கேள்வி: எட்ச் தகட்டை வளைத்தால் உடைகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பித்தளையை மெழுகுவத்தி அல்லது லைட்டர் சுடரில் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டால் மென்மையாகும்; இருக்கைப் பட்டைகளுக்கு இது அவசியம். வண்ணம் அச்சிட்ட தகடுகளை மட்டும் சுடரில் காட்டாதீர்கள். வெட்டும்போது கண்ணாடியின் மேல் வைத்து வெட்டுங்கள், தகடு குழியாது.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. ரெசினைத் தேய்க்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: உலர்ந்த நிலையில் தேய்க்கவே வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. உப்புத்தாளையும் பாகத்தையும் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் காற்றில் பறக்காது. அறுக்கும்போது என்95 முகக்கவசம் அணியுங்கள். வேலை முடிந்ததும் மேசையை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தனியே அலசுங்கள். அச்சிலிருந்து வரும் ரெசின் பாகங்களில், அச்சிலிருந்து எளிதில் கழற்றப் பூசும் பிரிப்பு எண்ணெய் ஒட்டியிருக்கும் என்பதால், பாத்திரம் கழுவும் திரவத்தில் பழைய பல்துலக்கியால் கழுவிவிட்டுத்தான் வண்ணம் பூச வேண்டும். சென்னையில் இன்னொரு தொல்லையும் உண்டு: மழைக்காலத்தில் லேக்கர் வண்ணம் பூசினால் காற்றின் ஈரம் பட்டு மேற்பரப்பு வெண்ணிறமாக மங்கும். குழந்தை உறங்கும் அறைக்கு அப்பால், காற்றோட்டமான இடத்தில், வானம் தெளிந்த நாளின் பிற்பகலில் பூசுங்கள். பிட்டோ குழாய்க்கான துளையை மட்டும் வண்ணத்துக்கு முன்பே போட்டுவிட்டு, குழாயை எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாகப் பொருத்துங்கள். அதன் முனை கூரானது, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.