பேரில்தான் கத்தி!

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. ஆறு வருஷமாக வலது கன்னத்தில் ஷாக் அடிப்பது போல வலி. முகம் கழுவினால், சாதம் மென்றால், ஃபேன் காற்று பட்டால்கூட சுரீர் என்கிறது. இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் பலனில்லை. கார்பமாசெபின் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது தள்ளாட்டம் வேறு. 'காமா நைஃப்' செய்யலாம் என்கிறார்கள். மண்டையைத் திறப்பார்களா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: திறக்க மாட்டார்கள். பேரில்தான் கத்தி, செய்வதெல்லாம் கதிர்.

அம்மாவுக்கு இருப்பது 'ட்ரைஜெமினல் நியூரால்ஜியா' எனும் முக நரம்பு வலி போலத் தெரிகிறது. இதில், முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் ஐந்தாவது மூளை நரம்பை, அது மூளைத்தண்டில் சேரும் இடத்தருகே பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய் அழுத்திக்கொண்டிருக்கும். உறை தேய்ந்த வயர் மாதிரி நரம்பு பொறி கக்கும். வலி தெரிவதென்னவோ பல்லில்! அம்மாவைப் போல நல்ல பற்களைப் பறிகொடுத்துவிட்டு என்னிடம் வருபவர்கள் நிறைய.

சிகிச்சையன்று, மரத்துப்போக ஊசி போட்டு, நெற்றியில் இரண்டும் பின்தலையில் இரண்டுமாகத் திருகாணி வைத்து ஒரு சட்டத்தைப் பொருத்துவார்கள். அந்த ஐந்து நிமிடம்தான் கொஞ்சம் கஷ்டம். அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்து, நரம்பில் கதிர் பட வேண்டிய இடத்தைக் குறிப்பார்கள். புதிய கருவிகளில், கோபால்ட் என்ற உலோகத்திலிருந்து வரும் 192 மெல்லிய காமா கதிர்கள், சுமார் நான்கு மில்லிமீட்டர் இடத்தில் வந்து கூடும். உச்ச அளவு வழக்கமாக 80 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒவ்வொரு கதிரும் தனியாக பலவீனமானது என்பதால் வழியில் உள்ள மூளைக்கு அதிகம் பாதிப்பில்லை. அம்மா விழித்தேதான் இருப்பார். அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் அன்றைக்கே வலி போகாது. சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட. 'சிகிச்சைதான் முடிந்துவிட்டதே' என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சிலருக்குக் கன்னம் மரத்துப்போகும். சில வருஷம் கழித்து வலி திரும்பவும் வரலாம்.

உடம்பு தெம்பாக இருந்தால், மண்டையோட்டில் சிறு துளையிட்டு ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி வைக்கும் ஆபரேஷனைப் பற்றியும் கேளுங்கள். அதில் நிவாரணம் உடனே கிடைக்கும், பெரும்பாலும் நீடிக்கவும் செய்யும். என் அம்மாவாக இருந்தால் இரண்டையும் விசாரித்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன்.

அதற்கு முன் ஒன்று. தள்ளாட்டத்தை வயசின் மேல் போட்டுவிடாதீர்கள். இந்த மாத்திரையே தலைசுற்றலைத் தரும், ரத்தத்தில் சோடியத்தையும் குறைக்கும். இந்த வாரமே ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரை எழுதிய டாக்டரிடம் காட்டுங்கள்.