பெண்களைத் திடமானவர்களாக, அழுத்தமான நிறங்களில் வரைய ஆசை. ஆனால் காலண்டர் படம் போலவே வருகிறது. எங்கே தவறு?

எனக்கும் இரண்டு வருடம் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. பெங்களூரில் கணக்கு எழுதும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அக்ரிலிக் வண்ணத்தில் வரைகிறேன். ஓவியக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அல்சூரில் எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவரைத்தான் முதலில் வரைந்தேன். 'வலிமையான பெண்' என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டதால் விரித்த கூந்தல், உருட்டிய விழி, முதுகுக்குப் பின்னால் தீப்பிடித்த மாதிரி சிவப்பு என்று அள்ளிப் பூசிவிட்டேன். அக்கா படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு யார் மேல் இவ்வளவு கோபம்?" என்று கேட்டார். அன்றே அந்தத் துணியின் மேல் வெள்ளை அடித்துவிட்டேன்.

பிறகு மூன்று வாரம் பென்சிலோடு மட்டும் போனேன். அப்போதுதான் அவர் முழம் போடுவதைக் கவனித்தேன். சரத்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்து, முழங்கை வரை இழுத்து, ஒரு கணம் நிறுத்துவார். எதிரே நிற்பவர் "இன்னும் கொஞ்சம் விடுங்கள்" என்று பேரம் பேசுவார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். அந்த முழங்கை எள்ளளவும் நகராது. நான் தேடிய திடம் அங்கே இருந்தது. முகத்தில் தேடியது என் பிசகு. இன்னொரு பிசகும் செய்திருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருப்பவர், நான் நின்றபடி குனிந்து பார்த்து வரைந்தேன். அப்படிப் பார்த்தால் யாரும் சின்னவராகத்தான் தெரிவார். எதிரே நானும் தரையில் உட்கார்ந்து, அவரைவிடத் தாழ்வாகக் குனிந்து பார்த்ததும் அவருடைய தோள் பின்னாலிருந்த கடைப் பலகை வரை உயர்ந்துவிட்டது.

இனி நிறம். அக்காவின் தலைக்கு மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கிறது. காலை பத்து மணிக்கு வெயில் அதில் வடிகட்டி இறங்கும்போது அவர் நெற்றி நிஜமாகவே நீலமாக இருக்கும். மடியில் குவிந்த செவ்வந்தியிலிருந்து எழும் மஞ்சள் தாடைக்கு அடியில் படியும். வித்தியாசமாக இருக்கட்டும் என்று நாமாக ஒரு நிறத்தை இட்டுக்கட்டத் தேவையே இல்லை. இருப்பதைப் பார்த்து, அதை இரண்டு படி தூக்கிப் போட்டால் போதும்.

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1905-இல் தன் மனைவியை வரைந்தபோது நெற்றியிலிருந்து மூக்கு வழியாக ஒரு பச்சைக் கோடு இழுத்தார். வெளிச்சப் பக்கமும் நிழல் பக்கமும் சந்திக்கும் இடம் அது. அதனால்தான் அந்தப் பச்சை முகத்தில் நிற்கிறது. இதைச் சொன்னபோது என் அத்தை, "முகத்தில் பச்சையா?" என்று முகம் சுளித்தார். மதுரை மீனாட்சியை மரகதவல்லி என்று தினமும் கும்பிடுகிறவர் அவர்!

நிறம் என்னவாக இருந்தாலும் கருமை வெளுமை சரியாக அமைந்தால் உருவம் நிற்கும். இதற்கு எளிய சோதனை: படத்தைக் கைபேசியில் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்துபோனால், நீங்கள் எவ்வளவு பளிச்சென்று பூசியிருந்தாலும் அது தட்டைதான். காலண்டர் படம் போல வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் எல்லா நிறமும் ஒரே குரலில் கத்துவது. என் இரண்டாவது படத்தில் பாதிக்கு மேல் மங்கிய சாம்பலும் மண் நிறமும்தான். அதனால்தான் புடவையின் அரக்கு பேசுகிறது.

தோலுக்குக் கடையில் 'தோல் நிறம்' என்று விற்கும் இளஞ்சிவப்புக் குழாயை வாங்காதீர்கள். நம்மில் யாருக்கு அந்தத் தோல்? பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்தால் ஆழமான, உயிருள்ள கறுப்பு வரும். சியன்னாவைக் கூட்டக் கூட்டச் சூடேறும். மாநிறத்துக்கு மஞ்சள் காவி சேர்க்கலாம். கறுப்புக் குழாயால் நிழல் போட்டால் தோல் கரி பூசியது போலாகும். சிவப்பை வெளிறச் செய்ய வெள்ளையை ஊற்றினால் ரோஜா நிறமாகிவிடும், ஆகவே ஆரஞ்சைச் சேருங்கள். அக்ரிலிக் காய்ந்ததும் சற்றுக் கறுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மயில்கழுத்து நிறத்தில்தான் நான் அதிகம் திணறினேன். நீலத்தையும் பச்சையையும் தட்டில் குழைத்தால் குளத்துப் பாசி போல ஏதோ வந்தது. அம்மாவின் பட்டுப் புடவையை வெயிலில் விரித்துப் பார்த்ததும் புரிந்தது: நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு நிறம், கலப்பது நம் கண்ணில். அப்புறம் இரண்டையும் குழைக்காமல் பக்கம் பக்கமாகச் சின்னச் சின்னத் தீற்றலாக வைத்தேன். மடிப்பின் மேட்டில் பச்சை, பள்ளத்தில் நீலம். புடவைக் கடைக்காரருக்குத் தெரிந்த அளவு நிறம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்பது என் கட்சி: வாடாமல்லி, ராமர் பச்சை, மாந்துளிர், எம்.எஸ். நீலம், வெங்காயத் தோல்.

டெல்லி போனால் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அம்ரிதா ஷெர்கில் 1935-இல் வரைந்த மூன்று பெண்கள் ஓவியத்தைப் பாருங்கள். மூவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், நம்மைப் பார்ப்பதுகூட இல்லை. அந்த ஓவியத்தின் முன் நின்றபோது குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

இரண்டாவது படத்தையும் அக்காவிடம் காட்டினேன். நீல நெற்றியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் பிடித்திருந்த சரத்தை விரலால் தொட்டு, "இது முக்கால் முழம்கூட வராது. நான் இப்படியா அளப்பேன்?" என்றார். வீட்டுக்கு வந்து அதை மட்டும் திருத்தினேன்.