ஒல்லாந்தரின் குளம்

அன்பின் அண்ணா,

வணக்கம். வருகிற யூலையில் நானும் மனைவியும் நெதர்லாந்தில் இருக்கும் மகளிடம் போகிறோம். ஆம்ஸ்ரர்டாம் கால்வாய்களில் இரண்டு மணித்தியாலத்துக்குத் தனிப்படகு ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார் மருமகன். பெரிய கண்ணாடிப் படகில் ஆளுக்கொரு டிக்கெட் எடுத்துப் போனால் செலவு குறைவு. எது நல்லது? துலிப் பூக்கள் பார்க்கக் கிடைக்குமா? வெனிசும் இப்படித்தானா?

இன்னொரு சங்கடம். மனைவி 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு எந்தப் படகிலும் ஏறியதில்லை. ஆலங்கேணியில் இருக்கும் தமக்கை வீட்டுக்குக்கூட, பாதைப் படகில் ஏற வேண்டுமே என்று போகாமலிருந்து, 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகுதான் போனாள். இவ்வளவு காலம் கழிந்தும் பயப்படுவதில் அர்த்தமில்லை, ஒருமுறை ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன்.

அந்த ஊர்ப் படங்களைப் பார்க்கும்போது, ஒல்லாந்தர் இன்னும் நூறு வருடம் இருந்திருந்தால் நம்முடைய திருக்கோணமலையிலும் இப்படி வாய்க்கால் வெட்டியிருப்பார்களே என்ற ஏக்கமும் வருகிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பிக்கு,

நீர்மட்டம் என்ற ஒரு சொல்லையே சில வாரங்களாக மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். துலிப் ஏப்ரலில் பூப்பது, மே மாத நடுவோடு தீர்ந்துவிடும். யூலையில் அதைத் தேடாதீர்கள். வெனிஸ் கடலேரிக்குள் நிற்கும் ஊர். கடல் ஏறினால் அங்கே தெருவிலும் தண்ணீர் ஏறும், அதைத் தடுக்க 2020 முதல்தான் கடல்வாயிலில் எழும்பும் கதவுகள் வேலை செய்கின்றன. ஆம்ஸ்ரர்டாமோடு அதைச் சேர்த்துப் பேசக்கூடாது. செலவை மருமகனோடு பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் தனிப்படகுதான். காரணம் ஒன்றே ஒன்று: அதை நிறுத்தச் சொல்லலாம், திருப்பச் சொல்லலாம், பத்து நிமிடத்தில் கரைக்கு விடச் சொல்லலாம். நூறு பேர் ஏறிய கண்ணாடிப் படகு உங்கள் மனைவிக்காக, எனக்குத் தங்கச்சி, நிற்காது.

இனிக் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன், கோவிக்க வேண்டாம். ‘ஏற்றிவிட்டால் சரியாகிவிடும்’ என்று எப்படித் தம்பி எழுத மனம் வந்தது? அந்தக் காலையில் கடல் உள்ளே வந்த ஊரில் இருந்துகொண்டு, வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒருவரின் பயத்துக்கு அர்த்தமில்லை என்கிறீர்கள். தண்ணீர் தன் இடத்தில் நிற்காது என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். அவருக்குத் தைரியம் சொல்வதால் பயனில்லை. இந்தத் தண்ணீர் ஏன் தன் இடத்தில் நிற்கிறது, யார் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று காட்டுங்கள். அதைக் காட்ட முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் கடைசி வரியைப் பார்த்தால் தெரிந்த மாதிரி இல்லை.

ஒல்லாந்தர் இன்னும் நூறு வருடம் இருந்திருந்தால் என்கிறீர்கள். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். 1660களில் திரும்பி வந்தவர்கள், நடுவில் சில காலம் கைமாறினாலும், 1795இல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை இருந்தார்கள். நூறு வருடத்துக்கு மேலேயே இருந்துவிட்டுத்தான் போனார்கள்! அவ்வளவு காலமும் நம்முடைய ஊரில் ஏன் ஒரு கால்வாயும் வெட்டவில்லை? தேவைப்படவில்லை. கோணேசர் மலை பாறை. துறைமுகம் கரையோரத்திலேயே ஆழம், கப்பல் தானாக வந்து நிற்கும். அவர்களுக்கு அங்கே வேண்டியிருந்தது கோட்டையும் பீரங்கியும்தான். மேற்குக் கரையில் கொழும்பு, நீர்கொழும்பு, புத்தளம் என்று களப்புகள் வரிசையாகக் கிடந்தன, கறுவாவை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது, அங்கே வெட்டினார்கள். அழகுக்காக ஒல்லாந்தர் எங்கேயும் மண்வெட்டி பிடித்ததில்லை.

தங்கள் ஊரில் அவர்கள் வெட்டியதும் அப்படித்தான். ஆம்ஸ்ரர்டாம் நிற்பது செடிகொடி மட்கிய புல்கரிச் சேற்றில். ஏறக்குறைய 12 மீற்றர் கீழே போனால்தான் மணல் படுகை. வடிகால் வெட்டாமல் அங்கே வீடு கட்ட முடியாது. 1613இல் தொடங்கி ஹேரன்க்ராக்ட், கெய்சர்ஸ்க்ராக்ட், பிரின்சன்க்ராக்ட் என்ற மூன்று பெரிய கால்வாய்களை வளைவாகத் தோண்டினார்கள். தோண்டிய மண்ணைப் போட்டு வீட்டு நிலத்தை உயர்த்தினார்கள். சேற்றுக்குள் மரக்குற்றிகளை மணல் வரைக்கும் அடித்து, அதன்மேல் செங்கல் வைத்தார்கள். டாம் சதுக்கத்து அரண்மனைக்குக் கீழே மட்டும் 13,659 மரக்குற்றிகள்.

இனித்தான் விஷயம். மரம் தண்ணீருக்குள் முழுக்க அமிழ்ந்து கிடந்தால் நூற்றாண்டுக் கணக்கில் கெடாது. நீர்மட்டம் கீழே இறங்கி, குற்றியின் தலையில் காற்றுப் பட்டால் பூஞ்சணம் பிடித்து உளுத்துப்போகும், வீடு சரியும். மட்டம் மேலே ஏறினால் நிலவறையும் தெருவும் நனையும். ஆகவே அந்த நகரத்துத் தண்ணீர் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் கீழே அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். கிழக்கே 1872இல் கட்டிய ஒரஞ்ச மதகுகள். மேற்கே வடகடல் கால்வாயின் முடிவில் ஐமாயிடன் மதகுகள். கடல் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்து மிச்சத் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்கள். அது போதாதபோது செக்கனுக்கு 260 கன மீற்றர் வரை இறைக்கும் பம்பு நிலையம் இருக்கிறது. அதற்கும் அப்பால், 1932இல் முடிந்த 32 கிலோமீற்றர் அணை ஒரு கடற்குடாவையே வெட்டி நன்னீர் ஏரியாக்கிவிட்டது.

இதை வாசிக்கும்போது உங்களுக்குக் கந்தளாய்க் குளம் நினைவு வரவில்லையா தம்பி? குளக்கட்டு, தண்ணீர் திறக்கும் துருசு, மிச்சம் வழியும் வான், தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையின் கணக்கு, எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்ற கூட்டம். அந்தக் குளத்தைக் கட்டியதாக ஐதீகம் சொல்லும் குளக்கோட்டன் பெயரைச் சொல்லி வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள். தண்ணீரை மட்டம் பிடித்து நிறுத்தும் வித்தைக்கு ஒல்லாந்தனைப் பார்த்து ஏங்குகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆம்ஸ்ரர்டாம் ஒரு குளம். அதன் அலைகரையில் வீடுகளும் தேவாலயங்களும் நிற்கின்றன. குளம் தெரிந்தவர்கள் ஒரு நாளில் விளங்கிக்கொள்ளக்கூடிய ஊர் அது.

குளத்துக்குக் காவல் வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை உங்கள் வயதுக்காரர் மறந்திருக்க முடியாது. ஆம்ஸ்ரர்டாமிலும் சும்மா நிற்பதில்லை அந்தத் தண்ணீர். சில இரவுகளில் நகரத்து மதகுக் கதவுகளைச் சாத்திவிட்டு, கிழக்கே ஸேபுர்க் பம்பு நிலையம் ஏரியின் நன்னீரை உள்ளே தள்ளும். பழைய தண்ணீர் மேற்கே வெளியேறும். இல்லாவிட்டால் கால்வாய் நாறிவிடும். பழைய காலத்தில் வீட்டுக் கழிவெல்லாம் அதற்குள்தான் போனது, நாறித்தான் கிடந்தது. கரைச்சுவர்களும் மரக்குற்றிகளின் மேல்தான் நிற்கின்றன. குதிரை வண்டிக்குக் கட்டிய சுவரின் மேல் இன்று லொறி ஓடுகிறது. 2020 செப்டெம்பரில் கிறிம்புர்க்வால் என்ற இடத்தில் ஒரு நீளக் கரைச்சுவர் அப்படியே தண்ணீருக்குள் விழுந்தது. படகுகளுக்கு மணிக்கு 6 கிலோமீற்றர் என்ற வேகக் கட்டுப்பாடு வைத்திருப்பதற்கு, அலை சுவரை அரிக்கும் என்பதும் ஒரு காரணம்.

தங்கச்சியிடம் சொல்ல வேண்டியவை இவைதான். ஆழம் இரண்டு, மூன்று மீற்றர். கடல் போல வற்றும் பெருக்கும் கிடையாது. வேகம் வேகமாக நடப்பவரின் வேகம். இரு பக்கமும் எட்டும் தூரத்தில் கரை. 2025 முதல் நகர மையத்தில் உல்லாசப் படகுகள் புகை விடாமல் ஓட வேண்டும் என்ற விதி வந்துவிட்டதால் பெரும்பாலும் பற்றரிப் படகுதான் கிடைக்கும். நம்முடைய ஊர் மோட்டார் போட்டின் இரைச்சல் இருக்காது, பேசினால் கேட்கும். அந்த இரைச்சல் இல்லாததே அவருக்குப் பாதி ஆறுதல்.

மருமகன் தானே ஓட்டுகிறேன் என்பார். 15 மீற்றருக்குக் குறைந்த, மணிக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடாத படகுக்கு அங்கே லைசென்ஸ் கேட்பதில்லை, உண்மைதான். ஆனால் இந்தப் பயணத்துக்கு ஓட்டியோடு எடுங்கள். படகுக்குப் பிரேக் இல்லை, பின்னோக்கிச் சுழற்றித்தான் நிறுத்த வேண்டும். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். புதியவர்கள் பதறும்போது தவறான பக்கம் தள்ளுவார்கள். கால்வாய்ச் சந்தியில் காற்று திடீரென்று பக்கத்தில் அடிக்கும், அதே நேரம் 20 மீற்றர் நீளப் படகு ஒன்று வளைந்து வரும். இடிபடுவது இந்தச் சந்திகளில்தான். சுவரில் சும்மா ஒரு தட்டுத் தட்டினாலும் தங்கச்சிக்கு அது போதும், பிறகு ஏறவே மாட்டார்.

ஏறும்போது படகின் விளிம்பில் மிதிக்கக் கூடாது, நடுவில் கால் வைக்க வேண்டும். ஒருவர் ஏறி உட்கார்ந்த பிறகு அடுத்தவர். நடுப்பகுதியில், தாழ்வான இருக்கையில் அவரை இருத்துங்கள். முன்பக்கம் ஆட்டம் அதிகம். உயிர்காப்பு அங்கியை முன்கூட்டியே கேட்டு, கரையில் வைத்தே போடுங்கள், படகில் ஏறிய பிறகு போடுவது தடுமாற்றம். படம் எடுக்க எல்லோரும் ஒரு பக்கம் எழும்பி நிற்கக் கூடாது. கையைப் படகுக்கு வெளியே தொங்கவிடக் கூடாது, சுவருக்கும் படகுக்கும் நடுவில் விரல் நசியும். பாலங்கள் தாழ்வு, ஓட்டி சொல்லும்போது குனிய வேண்டும். சின்னப் படகுகளில் பெரும்பாலும் கழிப்பறை இல்லை. நீரிழிவு உள்ளவர்கள் இதை முதலே யோசிக்க வேண்டும், இரண்டு மணித்தியாலம் வேண்டாம், ஒன்றரை போதும். யூலையிலும் 20 பாகைதான் இருக்கும், தண்ணீரின் மேல் இன்னும் குளிரும், போர்வை கொண்டுபோங்கள். இருட்டுவதற்கு இரவு பத்து மணியாகும். ஆகவே வார நாளில் மாலை ஏழு மணிக்குப் பதியுங்கள், கூட்டம் குறைந்திருக்கும். சனி, ஞாயிறு பகல் வேண்டவே வேண்டாம். மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஐ என்ற அகலமான நீர்ப்பரப்புக்குப் போக வேண்டாம் என்று ஓட்டியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அங்கே சரக்குப் படகுகள் ஓடுகின்றன, அலை உண்டு.

பாதை என்று கேட்டால்: வெஸ்டர்கெர்க் கோபுரத்தடியில் ஏறி, பிரின்சன்க்ராக்ட் வழியே தெற்கே போய், ஏழு பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் ரெகுலியர்ஸ்க்ராக்டைத் தொட்டு, அம்ஸ்டல் ஆற்றுக்கு வந்து, ‘மெலிந்த பாலம்’ என்று பெயர் கொண்ட பாலத்தைக் கடந்தால் குறுக்கே மரக்கதவுகளோடு அம்ஸ்டல் மதகுகள். எல்லோரும் பாலத்தைப் படம் எடுப்பார்கள். நீங்கள் மதகைப் பாருங்கள். தங்கச்சி தெம்பாக இருந்தால் மட்டும் கிழக்கே ஊஸ்டன்புர்க் வரை போகலாம். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கொம்பனியின் கப்பல் கட்டும் தளம் இருந்த தீவு அது. நம்முடைய துறைமுக வாயிலில் அவர்கள் கட்டிய கோட்டைக்கும் அதே பெயர்தான், ஒஸ்டன்பேர்க்.

இவ்வளவுக்கும் முன்னால், படகு எடுக்கும் நாளுக்கு முதல் நாள், நடந்தே இரண்டு இடத்துக்குப் போங்கள்.

ஒன்று, பிரின்சன்க்ராக்டின் வடக்கு முனையைத் தாண்டியதும் வரும் ஏன்ஹோர்ன் மதகு. 1675இல் கடல் புகுந்து நகரம் மூழ்கிய பிறகு, ஹுட்டே என்ற நகரபிதா மதகுகளில் எட்டுச் சலவைக்கற்கள் பதிப்பித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு. கடலணையின் உயரம் நகர நீர்மட்டத்துக்கு மேலே 9 அடி 5 அங்குலம் என்று எழுத்து. எட்டில் இன்று தன் இடத்தில் இருப்பது இந்த ஒரு கல். பிற்காலத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதி நில உயரத்தை அளக்க எடுத்துக்கொண்ட மட்டம் இதிலிருந்துதான் வந்தது.

மற்றது, அம்ஸ்டல் கரையில் நகரசபையும் இசைநாடக அரங்கும் ஒன்றாக இருக்கும் கட்டடம். அந்த மட்டத்தைக் குறிக்கும் வெண்கல ஆணி அங்கே இருக்கிறது. தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தூண்களும் உண்டு. இரண்டு தூண்களில் ஐமாயிடனிலும் விளிசிங்கனிலும் அந்த நிமிடம் கடல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரியும். மூன்றாவது, 1953 பெப்ரவரி முதலாம் திகதி அதிகாலை தென்மேற்கு மாகாணத்தில் கடல் ஏறிய உயரம்: 4.55 மீற்றர், தலைக்கு மேலே. அந்த வெள்ளத்தில் 1,836 பேர் போனார்கள். முதலில் நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள், திறந்திருக்கிறதா என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் தங்கச்சியைக் கூட்டிப் போவதா என்பதை அவரிடமே கேளுங்கள். கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள். அவர் பார்த்தால், அந்த ஊர்க்காரரும் கடலை அறிந்தவர்கள் என்று நீங்கள் சொல்லத் தேவையிருக்காது.

படகுக்குப் பதியும்போது, கடைசி நாளில் கைவிட்டால் பணம் திரும்புமா என்று பார்த்துப் பதியச் சொல்லுங்கள். இறங்குதுறையில் வைத்து அவர் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காதீர்கள். மகளும் மருமகனும் போய் வரட்டும். நீங்கள் அவரோடு கரையில் இருங்கள்.

அன்புடன்,
அண்ணா