தனிம அட்டவணையின் ஒரு தொகுதியில் (செங்குத்து வரிசையில்) கீழே சென்றால் அணு பெரிதாக வேண்டும் எனும்போது, சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் ஏன் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கின்றன?

தொகுதியில் மேலிருந்து கீழே வரும்போது புதிய எலக்ட்ரான் கூடு சேர்வதால் அணு ஆரம் கூடும் என்ற விதி தவறன்று. இவற்றின் தொகுதியில் டைட்டானியத்தின் ஆரம் 147 பிக்கோமீட்டர், அதன் கீழுள்ள சிர்க்கோனியத்தின் ஆரம் 160. ஆனால் அதற்கும் கீழுள்ள ஹாஃப்னியம் 159 என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. சிர்க்கோனியத்தின் அணு எண் 40க்கும் ஹாஃப்னியத்தின் 72க்கும் இடையில் நடப்பதைக் கவனித்தால் காரணம் புலப்படும்.

ஆறாம் வரிசையில் ஹாஃப்னியத்திற்கு முன்பாக, லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான லாந்தனைடுகள் வருகின்றன. அவற்றில் அணுக்கருவின் மின்சுமை ஒவ்வொன்றாக உயர, கூடுதல் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் உட்புறத்து 4எஃப் ஆர்பிட்டாலில் (எலக்ட்ரான்கள் இருக்கும் ஒரு வகைப் பகுதியில்) நிரம்புகின்றன. பரவலான வடிவம் கொண்ட இந்த எஃப் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் ஈர்ப்பை வெளிக்கூட்டிலிருந்து சரிவர மறைப்பதில்லை என்பதால், வெளி எலக்ட்ரான்கள் படிப்படியாக உள்ளிழுக்கப்படுகின்றன. மூன்று எலக்ட்ரான்களை இழந்த மும்மை நேர்மின் அயனிகளின் ஆரத்தில் லாந்தனம் 103 பிக்கோமீட்டர், லுட்டீசியம் 86 மட்டுமே. லாந்தனைடு குறுக்கம் எனப்படும் இச்சுருக்கம், புதிய கூடு தரவேண்டிய வளர்ச்சியைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடுகிறது. கனமான அணுக்களில் எலக்ட்ரான்களின் மிகை வேகத்தால் எழும் சார்பியல் விளைவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பாடநூல்கள் பலவும் அதை விட்டுவிடுகின்றன.

அளவும் மின்சுமையும் ஒத்திருப்பதால் இரண்டும் ஒரே கனிமத்தில் கலந்தே கிடைக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலுள்ள சிர்க்கான் என்ற கனிமமும் அவ்வாறே. இப்படிக் கலந்திருந்ததால், எக்ஸ் கதிர் நிறமாலை வழியாக ஹாஃப்னியம் 1923இல்தான் கோப்பன்ஹேகனில் கண்டறியப்பட்டது. அணு உலைக்கோ இவற்றைப் பிரித்தே ஆக வேண்டும்: சிர்க்கோனியம் நியூட்ரான்களை எளிதில் கடந்துபோக விடும், ஹாஃப்னியம் அவற்றைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும்.