ஐந்தோவன் குளிரிலும் மழையிலும் சைக்கிள்: என்ன உடுத்துவது?

தங்கைக்கு வணக்கம். அக்கா என்று உரிமையோடு கேட்டிருக்கிறாய். அதனால் நீ என்றே எழுதுகிறேன். ஆகஸ்டில் கோயம்புத்தூரிலிருந்து நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு வந்திருக்கிறீர்கள். நவம்பரில் உனக்கு வேலை தொடங்குகிறது. அலுவலகம் 7 கிலோமீட்டர் தூரம், போகிற வழியில் மூன்று வயது மகளைக் காப்பகத்தில் விட வேண்டும், கார் இல்லை, சைக்கிள்தான். தடிமனான குளிர்கால ஜாக்கெட் ஒன்று வாங்கினால் போதுமா, மழை நாளில் என்ன செய்வது, சுடிதார் அணிந்து ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறாய்.

தடிமனான ஜாக்கெட்டை இப்போதைக்கு வாங்காதே. நம் ஊரிலிருந்து வருகிற எல்லோரும் முதல் மாதச் சம்பளத்தில் வாங்குவது அதைத்தான். பஸ் நிறுத்தத்தில் நிற்கவும் கடைவீதியில் நடக்கவும் அது நல்ல உடை. சைக்கிள் மிதிக்க அது உதவாது. மிதிக்கத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் உடம்பு அடுப்பு மாதிரி சூடாகிவிடும். தடித்த கோட்டுக்குள் வியர்வை வெளியேற வழியில்லாமல் உள்சட்டை நனையும். அடுத்த சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் அந்த ஈரம் முதுகில் பனிக்கட்டி வைத்ததுபோல் குளிரும். இந்த ஊரில் சைக்கிளில் போகிறவர்கள் நடுங்குவது பெரும்பாலும் உள்ளிருந்து வந்த ஈரத்தால்தான்.

இங்கே குளிர் அப்படி ஒன்றும் கொடியதல்ல. ஜனவரியில் சராசரி வெப்பநிலை 3 அல்லது 4 டிகிரி. உறைநிலைக்குக் கீழே போகும் நாட்கள் உண்டு, ஆனால் குளிர்காலம் முழுவதும் அப்படி இருக்காது. கவனிக்க வேண்டியது காற்றை. வெப்பமானி 5 டிகிரி காட்டும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடித்தால், தோலுக்கு அது 0 டிகிரி போலத் தெரியும். நீ மணிக்கு 16 கிலோமீட்டரில் மிதிக்கிறாய், எதிர்க்காற்றும் கொஞ்சம் வீசுகிறது என்றால் அந்த 30 எளிதாக வந்துவிடும். இந்த நாடு தட்டையானது. இந்தப் பக்கத்தில் காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நீ அறிவாய். அதையே குளிரவைத்து, ஈரமும் சேர்த்து அனுப்பினால் நவம்பர் மாத ஐந்தோவன்.

ஆகவே உனக்கு வேண்டியவை மூன்று: தோலோடு ஒட்டி, வியர்வையை வெளியே கடத்தும் ஓர் உள்சட்டை, அதன்மேல் மெல்லிய ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ் எனும் மென்மையான செயற்கைத் துணிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். உள்சட்டை மட்டும் பருத்தியாக இருக்கவே கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப்போல ஒன்றும் கிடையாது. இங்கே அது வியர்வையைக் குடித்துவிட்டுக் காயாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மெரினோ கம்பளி கிடைத்தால் மிகவும் நல்லது. ஈரமானாலும் ஓரளவு கதகதப்புத் தரும், இரண்டு மூன்று நாள் போட்டாலும் வாடை வராது. விலை அதிகம் என்று தோன்றினால் பாலியெஸ்டர் தெர்மல் உள்ளாடை போதும். விரைவில் காயும், ஆனால் தினமும் துவைக்க வேண்டும்.

வீட்டு வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அதுதான் சரியான அளவு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் ஒரு அடுக்கு அதிகம் என்று பொருள்; கழற்றிப் பையில் வை. மோட்டார் பொருத்திய சைக்கிள் வாங்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். உழைப்பு குறைவு, வேகம் அதிகம். அப்போது ஓர் அடுக்கு கூடுதலாக வேண்டும்.

இனி மழை. நெதர்லாந்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். சென்னையில் 1400 வரை பெய்கிறது. சென்னை அதைச் சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது; இந்த ஊர் ஆண்டு முழுவதும் தூறலாகப் பிரித்துக் கொடுக்கிறது. நேரக் கணக்கில் பார்த்தால் பத்தில் ஒரு பங்குகூட மழை பெய்வதில்லை. எனவே பல நாள் நீ நனையாமலேயே போய்விடலாம். அதற்கு பைன்ராடார் (Buienradar) என்ற மழை காட்டும் செயலியைப் போனில் வைத்துக்கொள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் உன் தெருவில் எப்போது மழை பெய்யும், எப்போது விடும் என்று ஐந்து ஐந்து நிமிடமாகக் காட்டும். இங்கே எல்லோரும் கிளம்புமுன் அதைத்தான் பார்க்கிறார்கள். கால் மணி நேரம் தாமதித்துக் கிளம்பினால் காய்ந்த துணியோடு போய்ச் சேரும் நாட்கள் நிறைய வரும். அலுவலகத்தில் அதற்காக யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கூட்டம் இருக்கும் நாளில் மட்டும் முன்கூட்டியே கிளம்பு.

மழையில் கிளம்பியே ஆக வேண்டிய நாளில் முதலில் நனைவது தொடை. சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது தொடையின் மேற்பக்கம் வானத்தைப் பார்த்தபடி இருக்கிறது. எதிர்க்காற்றில் வரும் சாரல் முழுவதும் அங்கேதான் விழும். நல்ல ஜாக்கெட் போட்டு, ஜீன்ஸ் நனைந்து, எட்டு மணி நேரம் ஈர ஜீன்ஸோடு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் மழைக் கால்சட்டைதான் முதலில் வாங்க வேண்டியது. கடைகளில் ஜாக்கெட்டும் கால்சட்டையும் சேர்த்து ‘ரேகன்பாக்’ என்று விற்பார்கள். கால்சட்டையின் கீழ்ப்பகுதியில் முழங்கால் வரை ஜிப் இருக்கிறதா என்று பார். ஷூவைக் கழற்றாமல் வழியோரம் நின்றே மாட்டிக்கொள்ள அது வேண்டும். கணுக்காலில் இறுக்கிக்கொள்ள வெல்க்ரோ பட்டையும் அவசியம். இல்லாவிட்டால் பெடலில் சிக்கும்.

ஜாக்கெட்டின் அட்டையில் 5000, 10000 என்று எண்கள் இருக்கும். எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்பதன் அளவு அது. உன் தூரத்துக்கு 10000 நன்றாகவே போதும். அந்த எண்ணைவிடத் தையலைக் கவனி. உட்பக்கம் புரட்டிப் பார்த்தால் தையல் ஓடும் இடமெல்லாம் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டாத தையல் வழியே தண்ணீர் உள்ளே வரும். அக்குளில் காற்றோட்டத்துக்கு ஜிப் இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம். முதுகுப்பக்கம் சற்று நீளமாக இருக்கட்டும், குனிந்து மிதிக்கும்போது இடுப்பு நனையாது. ஜாக்கெட்டின் தலைமறைப்பு (ஹூட்) நீ தலையைத் திருப்பும்போது கூடவே திரும்புகிறதா என்று கடையிலேயே சோதித்துப் பார். அசையாமல் நின்றால், திரும்பிப் பார்க்கும் கண்ணுக்குத் துணிதான் தெரியும். பின்னால் வரும் வண்டி தெரியாது. கண்ணாடி அணிபவள் என்றால் தலைமறைப்புக்குள் விளிம்பு வைத்த தொப்பி ஒன்று போட்டுக்கொள்.

தலைவழியே மாட்டும் அகன்ற மழைப் போர்வையான போஞ்சோ வாங்கலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். காற்றில்லாத தூறலுக்கு அது வசதிதான். இந்த ஊர்க் காற்றில் அது பாய்மரமாக விரிந்துவிடும். பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ஆட்டம் வேண்டாம். ஒரு கையில் குடை பிடித்து ஓட்டும் உள்ளூர்க்காரர்களையும் பார்ப்பாய். அவர்கள் நடக்கப் பழகிய வயதிலிருந்து சைக்கிளில் இருப்பவர்கள்.

உடம்பை எவ்வளவு மூடினாலும் விரல்கள் விறைத்துவிட்டால் பயணம் வேதனையாகிவிடும். விறைத்த விரலால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்கவும் முடியாது. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே. பின்னல் கம்பளிக் கையுறைக்குள் காற்று நேரே நுழையும், மழையில் அது ஈரப் பஞ்சாகிவிடும். காற்றுப் புகாத, உள்ளே மெல்லிய ஃபிளீஸ் வைத்த கையுறையே வேண்டும். மணிக்கட்டு வரை நீண்டு, ஜாக்கெட் கைக்குள் செருகும்படி இருந்தால் நல்லது. கடும் குளிர் நாளுக்கு அதனுள்ளே மெல்லிய இன்னொரு ஜோடி. போன் திரையைத் தொடும் வசதி இருக்கிறதா என்று தேடி அலையாதே. ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது 2019 ஜூலை முதல் இங்கே குற்றம், அபராதமும் உண்டு.

காலுக்குக் கம்பளிக் காலுறை, ஷூவுக்குள் விரல்களை அசைக்க இடம். இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். மழை நாளில் ஷூவின் மேலே மாட்டும் உறை கிடைக்கிறது. அலுவலக மேசையில் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையும் சாதாரண ஷூவும் எப்போதும் இருக்கட்டும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் மாலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். தோல் ஷூவை மட்டும் ஹீட்டர்மேல் வைக்காதே, தோலில் விரிசல் விழும்.

காதுக்கு மெல்லிய பட்டை போதும். அம்மா கொடுத்தனுப்பிய குரங்குக் குல்லாவை நடக்கும்போது போட்டுக்கொள். சைக்கிளில் அதற்குள் மூச்சு நனைந்து வாயைச் சுற்றி ஈரமாகும். பின்னால் மணி அடிப்பதும் சரியாகக் கேட்காது.

சுடிதார் பற்றி. தாராளமாக ஓட்டலாம். இங்கே விற்கும் அன்றாட உபயோகச் சைக்கிள்கள் பலவற்றில் செயினை முழுவதும் மூடிய கவரும், பின்சக்கரத்தின் இரு பக்கமும் துணி சிக்காமல் தடுக்கும் மறைப்பும் இருக்கும். பழைய சைக்கிள் வாங்குவதென்றால் இந்த இரண்டும் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கு. துப்பட்டாவைக் கழுத்தில் தொங்கவிட்டு ஓட்டாதே. மடித்துப் பையில் வைத்துவிடு. நீளமான டாப்ஸை மழைக் கால்சட்டைக்குள் செருகிக்கொள். உள்ளே பருத்தி லெக்கிங்ஸுக்குப் பதில் தெர்மல் ஒன்று போட்டால் வெளியே என்ன உடுத்தினாலும் பரவாயில்லை. பொங்கல் விழாவுக்குப் பட்டுச் சேலை கட்ட வேண்டும் என்றால், கேரியரில் மாட்டும் தண்ணீர் புகாத பையில் சேலையை வைத்துக்கொண்டு போய் அரங்கத்தில் கட்டிக்கொள். நம் பெண்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் அப்படித்தான்.

நீ கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது உன் மகளின் உடை. நீ மிதிக்கிறாய், உனக்குச் சூடு பிறக்கிறது. அவள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். உனக்கு வியர்க்கும் அதே நேரத்தில் அவளுக்குக் கால் விரல் விறைத்துக்கொண்டிருக்கும். எனவே உன்னைவிட அவளுக்கு ஓர் அடுக்கு கூடுதல்; நீ தவிர்த்த அந்தத் தடிமனான ஜாக்கெட் அவளுக்குப் பொருத்தம். அதன்மேல் தலை முதல் கணுக்கால் வரை ஒரே துணியாக வரும் மழை உடை. விரல் பிரிக்காத கையுறை போடு. அதைக் கயிற்றில் கோத்து ஜாக்கெட்டின் கை வழியே விட்டுவிட்டால் வழியில் தொலையாது. ஷால் வேண்டவே வேண்டாம், அது சக்கரத்தில் சிக்கும். தலைவழியே மாட்டும் கழுத்துறை வாங்கு. அவளுக்குக் குளிர்கிறதா என்று அறியப் பிடரியைத் தொட்டுப் பார். அங்கே சூடாக இருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது. கையும் காலும் ஜில்லென்று இருக்கின்றனவா என்பதைத் தனியே கவனி. காப்பகத்தில் மாற்று உடை ஒரு செட் கொடுத்து வை.

டிசம்பர் நடுவில் சூரியன் காலை எட்டரைக்கு மேல்தான் வரும், மாலை நாலரைக்கெல்லாம் போய்விடும். போவதும் இருட்டில், வருவதும் இருட்டில். முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள், பின்னால் சிவப்பு விளக்கு சட்டப்படி கட்டாயம். சைக்கிளில் இல்லாவிட்டால் மார்பிலும் முதுகிலும் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் மின்னி மின்னி எரியக் கூடாது, நிலையாக எரிய வேண்டும். கடைகளில் அழகாக இருப்பது கருநீல ஜாக்கெட். நீ வெளிர் நிறமாகவும் பிரதிபலிக்கும் பட்டையோடும் வாங்கு. மழைத்துளி படிந்த கண்ணாடி வழியே பார்க்கும் கார் ஓட்டுநருக்கு அது உடனே தெரியும். மகளின் முதுகிலும் அப்படி ஒரு பட்டை இருக்கட்டும், ஏனென்றால் பின்னிருந்து பார்ப்பவருக்கு உன் முதுகை அவள் மறைத்துவிடுகிறாள்.

ஜாக்கெட்டைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதே. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும் தன்மையை அது கெடுத்துவிடும். உருளாமல் துணியில் ஊறத் தொடங்கினால், உள்ளே தைத்திருக்கும் துவைப்புக் குறிப்பு அனுமதித்தால் மிதமான சூட்டில் உலர்த்தியில் போட்டு எடு. அதற்கும் சரியாகவில்லை என்றால் இதற்கென்றே விற்கும் ஸ்பிரேயை அடி.

தரையில் பனிக்கட்டி படர்ந்திருக்கும் காலையில் எந்த உடையும் காப்பாற்றாது. முக்கியச் சைக்கிள் பாதைகளில் உப்புத் தூவுவார்கள், உன் வீட்டுச் சந்தில் தூவ மாட்டார்கள். அன்று மகளோடு பஸ்ஸில் போய்விடு. ஆண்டில் சில நாள்தான் அப்படி வரும்.

செலவைப் பிரித்துச் செய். இந்த மாதம் கையுறை, மழைக் கால்சட்டை, மகளின் மழை உடை. ஜாக்கெட்டை அக்டோபர் கடைசியில் வாங்கலாம். டெகத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் எல்லா அளவும் போட்டுப் பார்க்கலாம். குழந்தை உடைகளுக்குப் பழைய பொருள் விற்கும் மார்க்ட்பிளாட்ஸ் தளத்திலும் கிரிங்லோப் எனும் பழைய பொருள் கடைகளிலும் தேடு. ஒரு குளிர்காலம் மட்டும் போட்ட நல்ல உடைகள் பாதிக்கும் குறைந்த விலையில் கிடைக்கும். நீ அணிந்து பார்க்கும்போது ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் ஜாக்கெட்டை மாட்டி, ஹேண்டில் பிடிப்பதுபோல் கைகளை முன்னே நீட்டு. மணிக்கட்டு வெளியே தெரிந்தால் அடுத்த அளவை எடு. மழைக் கால்சட்டையை ஷூவோடு மாட்டி, முழங்காலை மார்பு வரை தூக்கிப் பார். இழுத்துப் பிடித்தால் அதற்கும் அடுத்த அளவுதான்.